உபயகாரர் அட்டவணை வேர்டில் குலைகிறது: எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது, தலைப்பு நிரை அடுத்த பக்கத்தில் வருவதில்லை

வலிகாமம்_செயலாளர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோவில் மகோற்சவத்துக்கு உபயகாரர் பட்டியலைச் சிறு கையேடாக அச்சிட வேண்டும். பன்னிரண்டு நாள் திருவிழா. அட்டவணையில் ஐந்து நிரல்கள்: திருவிழா, திகதி, உபயகாரர், வதிவிடம், உபய விபரம். எனக்கு முன்பிருந்த செயலாளர் ஐயா பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் செய்து வைத்த கோப்பு அது. வருடா வருடம் பெயர்களை மட்டும் மாற்றி வந்தார்கள். நான் இம்முறை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டுக்கு மாற்றி அதே அட்டவணைக்குள் ஒட்டினேன். அன்றிலிருந்து ஒரே கரைச்சல்.

'ஸ்ரீ', 'கீ', 'சி' போன்ற எழுத்துகளின் மேல்பாதி தெரிவதில்லை. ஒரு கட்டத்தில் மூன்று பெயர் இருந்தால் இரண்டுதான் தெரிகின்றன, மூன்றாமவர் காணாமல் போய்விடுகிறார். தலைப்பு நிரை முதற் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. திரையில் புள்ளிக் கோடாகத் தெரியும் கட்டங்கள் அச்சில் வருவதில்லை. கொழும்பில் இருக்கும் தம்பியின் மடிக்கணினியில் திறந்தால் கடைசி நிரல் தாளுக்கு வெளியே போய்விட்டதாம்.

உபயகாரர் ஒருவரின் பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பருத்தித்துறையான்

பாமினிக்கே திரும்பிப் போங்கள். பிரச்சினை முடிந்தது.

லிப்ரே_விரும்பி

லிப்ரே ஒபிஸ் போடுங்கள் அண்ணா. இலவசம்.

தட்டச்சு_அக்கா

முதல் இரண்டு பதிலையும் ஒரு பக்கம் வையுங்கள். செயலாளர், சில விடயம் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. வேர்டின் எந்தப் பதிப்பு? கோப்பின் பெயர் டொக் என்று முடிகிறதா, டொக்ஸ் என்று முடிகிறதா? சாளரத்தின் உச்சியில் 'கொம்பாட்டிபிலிட்டி மோட்' என்று எழுதியிருக்கிறதா? வெட்டுப்படுவது திரையில் மட்டுமா, அச்சிலுமா?

இன்னொன்று. கன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பந்தி முடிவுக் குறி, பக்க முறிவு எல்லாம் வெளியே வரும். அந்தக் குறிகள் தெரிய வைத்துக்கொண்டே அட்டவணை முழுவதையும் ஒருமுறை வடிவாகப் பாருங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

வலிகாமம்_செயலாளர்

நன்றி அக்கா. வேர்ட் 2016. கோப்பு பழைய டொக் வகை, நீங்கள் சொன்ன சொல் உச்சியில் இருக்கிறது. எழுத்துரு லதா, அளவு 12. அச்சிலும் வெட்டுப்படுகிறது.

குறிகளைத் தெரிய வைத்தேன். முதற் பக்க முடிவில் 'பேஜ் பிரேக்' என்று ஒரு கோடு கிடக்கிறது, இரண்டாம் பக்க முடிவிலும் கிடக்கிறது. சில பெயர்களுக்கு இடப் பக்கத்தில் சின்னக் கறுப்புச் சதுரம் நிற்கிறது. அது என்ன?

தட்டச்சு_அக்கா

கறுப்புச் சதுரத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் வெட்டுப்படுவதைத் தீர்ப்போம்.

அட்டவணைக்குள் உயரத்தைப் பூட்டுகிற பூட்டு இரண்டு உண்டு. ஒன்று நிரையின் உயரம், மற்றது கட்டத்துக்குள் இருக்கும் பந்தியின் வரி இடைவெளி. இரண்டிலும் 'எக்ஸாக்ட்லி' என்ற தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் உள்ளே என்ன எழுதினாலும் வேர்ட் உயரத்தைக் கூட்டாது, மிஞ்சுவதை மறைத்துவிடும். பழைய செயலாளர் ஐயா பட்டியலை இத்தனை பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்பதற்காக இரண்டையும் பூட்டியிருப்பார். பாமினிக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். லதாவும் நிர்மலா யூஐயும் வரிக்கு மேலும் கீழும் அதிக இடம் கேட்கிற எழுத்துருக்கள். பூட்டு பழையது, ஆள் புதிது.

எது எந்தப் பூட்டு என்று கண்டுபிடிக்க எளிய வழி: எழுத்தின் தலை வெட்டுப்பட்டால் வரி இடைவெளியைப் பாருங்கள். எழுத்து முழுதாகத் தெரிந்து, கீழே உள்ள வரி மறைந்தால் நிரையின் உயரத்தைப் பாருங்கள். உங்களுக்கு இரண்டும் நடக்கின்றன.

அட்டவணையின் இட மேல் மூலையில் நான்கு முனை அம்புக்குறி வரும், அதைச் சொடுக்கினால் முழு அட்டவணையும் தெரிவாகும். வலச் சொடுக்கு, 'டேபிள் புரொப்பட்டீஸ்', அதில் 'ரோ' என்ற தாவல். 'ஸ்பெசிஃபை ஹைட்' என்பதன் பக்கத்தில் 'எக்ஸாக்ட்லி' இருந்தால் 'அட் லீஸ்ட்' என்று மாற்றுங்கள். நிரைகளின் உயரம் வெவ்வேறாக இருந்தால் அந்தச் சதுரம் சரிக்குறியும் இல்லாமல் வெறுமையும் இல்லாமல் இருக்கும். இன்னொரு சொடுக்குச் சொடுக்கி வெறுமையாக்கிவிட்டாலும் போதும், உயரம் தானாக அமையும்.

பிறகு, தெரிவு கலையாமல் பந்திப் பெட்டியைத் திறந்து 'லைன் ஸ்பேசிங்' என்ற இடத்தில் 'சிங்கிள்' கொடுங்கள். பந்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பூச்சியமாக்குங்கள்.

இதைத் தொடங்க முன்னர் கோப்பைப் பிரதி எடுத்து வேறு பெயரில் சேமியுங்கள்.

வலிகாமம்_செயலாளர்

அக்கா, மூன்றாமவர் திரும்பி வந்துவிட்டார்! தலைகளும் வந்துவிட்டன. ஆனால் நான்கு பக்கம் ஏழு பக்கமாகிவிட்டது. வதிவிட நிரலில் சில கட்டங்களில் எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தூண் போல நிற்கின்றன. 'யா', அதற்குக் கீழ் 'ழ்', அதற்குக் கீழ் 'ப்'. காற்புள்ளி போட்ட இடமெல்லாம் 'இ' என்று தெரிகிறது. "ரொறன்ரோஇ கனடா" என்று வருகிறது.

அச்சகத்துத்_தம்பி

தூண் போல நிற்பதற்கு நான் சொல்கிறேன். நகரில் அச்சகம் ஒன்றில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு, இந்தத் தூணைப் பார்க்காத கிழமை இல்லை.

அந்தக் கட்டத்துக்குள் சுட்டியை வைத்துவிட்டு மேலே அளவுகோலைப் பாருங்கள். வலப் பக்க முக்கோணம் கட்டத்தின் நடுவுக்கு வந்திருக்கும், அல்லது இடப் பக்கத்து முக்கோணங்கள் உள்ளே தள்ளியிருக்கும். பந்தியின் உள்தள்ளல் கட்டத்தின் அகலத்தைத் தின்றுவிட்டது, எழுத்துக்கு மிஞ்சியது ஓர் எழுத்தின் அகலம்தான். எங்கிருந்தோ நகல் எடுத்து ஒட்டும்போது உள்தள்ளலும் கூட வந்துவிடும். அந்தக் கட்டங்களைத் தெரிந்து கன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் கையால் கொடுத்த பந்தி அமைப்பு கழன்றுவிடும். அதற்கும் அசையாவிட்டால் உள்தள்ளல் பாணியிலேயே இருக்கிறது என்று அர்த்தம், 'ஸ்டைல்ஸ்' இல் 'நோர்மல்' கொடுங்கள்.

இனிமேல் ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற தெரிவால் ஒட்டுங்கள் அண்ணா. வெறும் எழுத்து மட்டும் வரட்டும்.

தட்டச்சு_அக்கா

காற்புள்ளி 'இ' ஆனதற்குக் காரணம் பாமினியின் மிச்சம். பாமினியில் 'இ' என்ற எழுத்து காற்புள்ளி விசையில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு மாற்றி தமிழ் எழுத்தை யூனிகோட் ஆக்கிவிட்டது. ஆனால் நீங்கள் ஒட்டிய கட்டத்தின் அடிப்படை எழுத்துரு இன்னும் பாமினிதான். தமிழ் யூனிகோட் எழுத்தைப் பாமினியால் காட்ட முடியாது என்பதால் வேர்ட் அதற்கு மட்டும் லதாவை எடுத்துக்கொள்கிறது. காற்புள்ளி, அரைப்புள்ளி, ஆங்கில எழுத்து ஆகியவை பாமினியிலேயே நின்று வேறு எழுத்தாகத் தெரிகின்றன. அரைப்புள்ளி போட்ட இடத்தில் மொட்டையாக ஒரு மெய்ப்புள்ளி நிற்கிறதா என்றும் பாருங்கள், நிற்கும்.

வேர்ட் தமிழைச் சிக்கல் வரிவடிவம் என்ற கணக்கில் வேறாக வைத்திருக்கிறது. எனவே எழுத்துருப் பெட்டியைக் கன்ட்ரோலும் டியும் அழுத்தித் திறந்தால் 'லற்றின் டெக்ஸ்ட்' என்று ஓர் இடமும் 'கொம்பிளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னோர் இடமும் இருக்கும். எழுத்துரு இரண்டு, அளவும் இரண்டு. இரண்டாவது இடமே தெரியாவிட்டால் வேர்டின் மொழித் தெரிவுகளில் தமிழைச் சேர்த்துவிட்டு மீண்டும் திறவுங்கள். முழு அட்டவணையையும் தெரிந்து இரண்டிலும் லதா, இரண்டிலும் 10 என்று கொடுங்கள். திகதியில் உள்ள எண்கள் ஓர் அளவிலும் பெயர்கள் வேறோர் அளவிலும் நிற்பது இதோடு தீரும். ஏழு பக்கமும் குறையும்.

வலிகாமம்_வாத்தியார்

எல்லோரும் யூனிகோட்டுக்காக வாதாடுகிறீர்கள். நான் நெடுங்காலமாகப் பாமினியில்தான் வினாத்தாள் தயாரிக்கிறேன். என் அட்டவணை ஒருநாளும் குலைந்ததில்லை. ஒரு மில்லிமீற்றர் அசையாது. யூனிகோட்டில் எழுத்துரு மாறினால் நிரலும் மாறுகிறது, பக்கமும் மாறுகிறது. அச்சகங்களும் இன்றுவரை பாமினிக் கோப்பைத்தான் விரும்பி வாங்குகின்றன. பருத்தித்துறையான் சொன்னதில் என்ன தவறு?

பருத்தித்துறையான்

சேர் சொல்லிவிட்டார்.

தட்டச்சு_அக்கா

சேர், உங்கள் கணினியில் அசையாது. அதே கோப்பை லண்டனில் இருக்கும் உபயகாரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். அவருடைய கைபேசியில் பாமினி இல்லை. 'தமிழ்' என்று நீங்கள் எழுதியது அவருக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தாகவும் அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். ஒரு பெயரைத் தேடிப் பார்க்கவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரநிலை, எஸ்எல்எஸ் 1326, யூனிகோட்டை அடியொற்றி 2008 இலேயே வந்துவிட்டது.

எழுத்துரு மாறினால் பக்கம் மாறும் என்பது பாமினிக்கும் பொருந்தும். ஒரே எழுத்துருவை எல்லோரும் வைத்திருந்ததால் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அச்சகத்துத்_தம்பி

அச்சகத்தின் பக்கத்தில் நின்று சொல்கிறேன் சேர். பழைய பக்க அமைப்பு மென்பொருள் வைத்திருக்கும் இடங்கள் பாமினி கேட்பது உண்மைதான், அவற்றில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வராது. ஆனால் அட்டவணையாக வருகிற வேலைக்கு நாங்கள் கேட்பது பிடிஎஃப். எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் வந்தால் பாமினியா லதாவா என்று நாங்கள் பார்ப்பதே இல்லை.

வலிகாமம்_வாத்தியார்

பிடிஎஃப் என்றால் சரி. வினாத்தாளில் கடைசி நேரம் ஒரு புள்ளியை மாற்ற வேண்டி வந்தால் அப்போது பேசுவோம்.

வலிகாமம்_செயலாளர்

இங்கே சண்டை நடக்கும் நேரத்தில் நான் அளவை மாற்றிவிட்டேன். ஐந்து பக்கத்துக்கு வந்துவிட்டது. காற்புள்ளிகளும் சரி. இப்போது தலைப்பு நிரை. 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' என்பதை அழுத்தினேன். அழுத்தினால் அழுத்தியதுதான், அடுத்த பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

தட்டச்சு_அக்கா

வராது. உங்களிடம் இருப்பது ஓர் அட்டவணை இல்லை, மூன்று அட்டவணைகள். அந்தப் 'பேஜ் பிரேக்' கோடு நினைவிருக்கிறதா? அட்டவணைக்குள் நின்று கன்ட்ரோலும் என்டரும் அழுத்தினால் வேர்ட் அந்த இடத்தில் அட்டவணையை இரண்டாக அறுத்து நடுவில் பக்க முறிவைப் போடும். பிறகு ஐயா ஒவ்வொரு துண்டின் தலையிலும் தலைப்பைக் கையால் ஒட்டியிருப்பார். நீங்கள் அந்த ஒட்டுத் தலைப்புகளை நீக்கியிருப்பீர்கள்.

முறிவையும் அதனோடு நிற்கும் பந்திக் குறியையும் அழியுங்கள். நடுவில் ஒன்றும் இல்லாமல் போனால் துண்டுகள் தாமாகச் சேரும். சேர மறுத்தால் ஒரு துண்டு மிதக்கிறது என்று அர்த்தம். 'டேபிள் புரொப்பட்டீஸ்' முதல் தாவலில் 'டெக்ஸ்ட் ராப்பிங்' என்பதில் 'அரவுண்ட்' இருந்தால் 'நன்' ஆக்குங்கள். நான்கு முனை அம்பைப் பிடித்து அட்டவணையை இழுத்து நகர்த்தினால் வேர்ட் கேட்காமலே அதை 'அரவுண்ட்' ஆக்கிவிடும். மிதக்கிற அட்டவணைக்குத் தலைப்பு நிரை திரும்ப வராது.

எல்லாம் ஒன்றான பிறகு முதல் நிரையைத் தெரிந்து மறுபடி அழுத்துங்கள். தெரிவில் முதல் நிரை கட்டாயம் இருக்க வேண்டும், இரண்டாம் நிரையை மட்டும் தலைப்பாக்க முடியாது. திரும்ப வருவதைப் பார்க்க 'பிரிண்ட் லேஅவுட்' பார்வையில் இருங்கள்.

கறுப்புச் சதுரம்: அந்தப் பந்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' அல்லது அதன் அண்ணன் தம்பி ஏதாவது கொடுபட்டிருக்கிறது. அடுத்ததை விட்டுப் பிரிய மாட்டேன் என்று ஒவ்வொரு நிரையும் நின்றால் மொத்தக் கூட்டமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். உங்கள் மூன்றாம் பக்க வெறுமைக்கு அது ஒரு காரணம். பந்திப் பெட்டியின் இரண்டாம் தாவலில் அந்தச் சரிக்குறிகளை எடுத்துவிடுங்கள்.

வலிகாமம்_செயலாளர்

தலைப்பு எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டது! ஆனால் மூன்றாம் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் வெறுமை. அடுத்த பக்கம் பதினோராம் திருவிழாவோடு தொடங்குகிறது. தேர் அன்று உபயம் செய்பவர்கள் ஒரு முழுக் குடும்பம், அண்ணன் தம்பி, பிள்ளைகள், கனடா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா என்று ஒரே கட்டத்தில் நீளமாக இருக்கிறது.

தட்டச்சு_அக்கா

'ரோ' தாவலில் 'அலோ ரோ டு பிரேக் அக்ரோஸ் பேஜஸ்' என்ற தெரிவில் சரிக்குறி இல்லை. அதனால் தேர் நிரை உடையாமல் முழுதாக அடுத்த பக்கத்துக்குப் பாய்கிறது. சரிக்குறி போட்டால் வெறுமை மறையும்.

ஆனால் எனக்கு அது பிடிக்காது. ஒரு குடும்பத்தின் பெயர்ப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு அறுந்து கிடந்தால் அச்சில் பார்க்க நன்றாக இராது. ஒருவருக்கு ஒரு நிரை என்று பிரித்து எழுதுங்கள். திருவிழா, திகதி இரண்டையும் முதல் ஆளின் நிரையில் மட்டும் எழுதி, கீழுள்ள நிரைகளில் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டு, நடுக் கோட்டை மட்டும் நீக்கிவிடுங்கள். கட்டங்களைச் செங்குத்தாக இணைக்கவே வேண்டாம். இணைத்த கட்டம் உள்ள அட்டவணை பக்கம் கடக்கும்போது தரும் தொல்லை தனிக் கதை. பிறகு ஒருவரை மேலே ஏற்ற வேண்டி வந்தால் நிரைக்குள் நின்று ஓல்ட், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு மேல் அம்பை அழுத்துங்கள், நிரை முழுவதும் ஏறும். உபயகாரர் வரிசையில் யார் முதலில் என்று கடைசி நாளில் ஒருவர் கட்டாயம் வருவார்.

வலிகாமம்_செயலாளர்

ஏற்கனவே வந்துவிட்டார் அக்கா.

அச்சகத்துத்_தம்பி

கோடுகளுக்கு வருவோம். நீங்கள் பார்க்கும் புள்ளிக் கோடு வெறும் வழிகாட்டி. அதன் பெயர் 'கிரிட்லைன்ஸ்', எந்தக் காலத்திலும் அச்சில் வராது. அச்சில் வருவது 'போர்டர்ஸ்'. முழு அட்டவணையையும் தெரிந்து 'ஓல் போர்டர்ஸ்' கொடுங்கள். தடிப்பு அரைப் புள்ளி (இங்கே புள்ளி என்பது 'பொயின்ட்' என்ற அளவு) போதும் என்று வேர்ட் நினைக்கும். கையேட்டைப் பிறகு போட்டோப்பிரதி எடுக்கும் எண்ணம் இருந்தால் முக்கால் புள்ளி கொடுங்கள். கால் புள்ளிக் கோடு பிரதி இயந்திரத்தில் ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் வராது. கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பலனில்லை.

திரையில் ஒரு கோடு மட்டும் காணாமல் போனால் பதற வேண்டாம். உருப்பெருக்கத்தை 100 இலிருந்து 150 ஆக்கிப் பாருங்கள். வந்துவிட்டால் அது திரையின் குறை, கோப்பில் கோடு இருக்கிறது.

பனங்காய்

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் சனசமூக நிலையத்தின் கூட்டறிக்கை அட்டவணையில் இரண்டு நிரை இளஞ்சிவப்பாக நிற்கின்றன. 'ஷேடிங்' இல் நிறம் இல்லை என்று கொடுத்தும் போகவில்லை. வேர்டுக்கு என்ன கோபம்?

தட்டச்சு_அக்கா

யாரோ 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டுவிட்டு அந்த நிரைகளை நீக்கியிருக்கிறார்கள். நீக்கிய கட்டம் இளஞ்சிவப்பு, சேர்த்த கட்டம் இளநீலம், இது வேர்டின் வழக்கம். 'ரிவியூ' தாவலில் 'அக்செப்ட்' அல்லது 'ரிஜெக்ட்' கொடுக்கும் வரை நிறம் போகாது. எதைக் கொடுப்பது என்று உங்கள் தலைவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், நீக்கியவர் அவராக இருக்கலாம்.

பனங்காய்

அவரேதான்.

லிப்ரே_விரும்பி

என்னை ஒரு பக்கம் வைத்துவிட்டீர்கள், பரவாயில்லை. கொழும்புத் தம்பியின் மடிக்கணினியில் எந்த மென்பொருள் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

வலிகாமம்_செயலாளர்

கேட்டேன் தம்பி. அவரிடமும் வேர்ட்தான், புதிய பதிப்பு. ஆனால் சாவகச்சேரியில் இருக்கும் எங்கள் பொருளாளர் லிப்ரே ஒபிஸ் வைத்திருக்கிறார். அவருக்கு இன்னும் வேடிக்கை. வேறொரு கோப்பில் அட்டவணையே தெரியவில்லை. மேலே தலைப்பு, கீழே கையொப்பம், நடுவில் வெறும் வெளி.

லிப்ரே_விரும்பி

அதற்கு இரண்டு காரணம் பார்க்கலாம். 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', 'லிப்ரே ஒபிஸ் ரைட்டர்', 'வியூ' என்று போனால் காட்ட வேண்டியவற்றின் வரிசையில் 'டேபிள்ஸ்' என்று ஒரு சரிக்குறி இருக்கிறது. அது எடுபட்டால் அட்டவணைகள் கோப்பில் இருந்தும் திரையில் வராது. யாரோ விளையாட்டாக எடுத்துவிட்டிருக்கலாம்.

சரிக்குறி இருந்தும் அட்டவணையின் பிற்பகுதி மட்டும் காணவில்லை என்றால் அக்கா சொன்ன மிதக்கும் அட்டவணை. வேர்டில் 'அரவுண்ட்' கொடுத்த அட்டவணையை ரைட்டரின் பழைய பதிப்புகள் 'ஃபிரேம்' என்ற ஒரு சட்டத்துக்குள் வைத்துத் திறக்கும். சட்டம் அடுத்த பக்கத்துக்கு உடையாது, தாளின் அடிக்குக் கீழே போனது கண்ணில் படாது. புதிய பதிப்பை நிறுவச் சொல்லுங்கள், அல்லது வேர்டிலேயே 'நன்' ஆக்கி அனுப்புங்கள்.

நிரை உயரப் பூட்டு இங்கேயும் உண்டு. நிரைக்குள் நின்று 'ரோ ஹைட்' திறந்தால் 'ஃபிட் டு சைஸ்' என்று இருக்கும், அதில் சரிக்குறி வேண்டும். அகலம் மாற்ற முடியாமல் மங்கலாக இருந்தால் அட்டவணையின் 'அலைன்மென்ட்' 'ஒட்டோமற்றிக்' இல் நிற்கிறது, வேறொன்றுக்கு மாற்றினால் அகலப் பெட்டி திறக்கும்.

அச்சகத்துத்_தம்பி

கொழும்புத் தம்பியின் கடைசி நிரல் தாளுக்கு வெளியே போன கதைக்குத் தாளின் அளவைப் பாருங்கள். அந்தக் கோப்பு 'லெட்டர்' தாளுக்குச் செய்ததா? லெட்டரின் அகலம் 21.59 சென்ரிமீற்றர், ஏ4 தாளின் அகலம் 21. நிரல்களுக்கு நிலையான அகலம் கொடுத்திருந்தால் தாளை ஏ4 ஆக்கினாலும் அட்டவணை சுருங்காது, அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஓரத்தைத் தாண்டி நிற்கும்.

'லேஅவுட்' தாவலில் 'ஒட்டோஃபிட் விண்டோ' கொடுங்கள். அட்டவணை இரு ஓரத்துக்குள் வந்து நிற்கும். பிறகு 'டேபிள் புரொப்பட்டீஸ்' இல் 'ஒப்ஷன்ஸ்' திறந்து 'ஒட்டோமற்றிக்கலி ரிசைஸ் டு ஃபிட் கொன்டென்ட்ஸ்' என்ற சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நீளமான ஒரு சொல் வந்ததும் அந்த நிரல் தானாக அகன்று பக்கத்து நிரலைத் தள்ளும். எங்கள் ஊர்ப் பெயர்களும் நீளம், சேர்த்தெழுதும் பழக்கமும் நீளம்.

பழைய டொக் கோப்பைப் புதிய வகைக்கு மாற்றினால் அட்டவணை இம்மியளவு வலப் பக்கம் நகரும், அதற்கும் பயப்பட வேண்டாம். வேர்ட் 2010 வரை கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து ஓரத்தோடு ஒட்டி நிற்கும், கோடு ஓரத்துக்கு வெளியே கிடக்கும். 2013 இலிருந்து கோடே ஓரத்தில் நிற்கிறது. வித்தியாசம் கட்டத்தின் உள் ஓரம், வழக்கமாக 0.19 சென்ரிமீற்றர்.

வலிகாமம்_வாத்தியார்

0.19 சென்ரிமீற்றருக்கு இவ்வளவு விளக்கம் நல்லது தம்பி. வினாத்தாளில் விடைக் கோடுகள் விலகியது எதனால் என்று இப்போது விளங்குகிறது. ஒரு சந்தேகம்: அட்டவணையோடு முடியும் கோப்பில் கடைசியாக ஒரு வெற்றுப் பக்கம் வருகிறது. நீக்கவே முடியவில்லை. மாணவர்கள் வினா விடுபட்டதாக நினைக்கிறார்கள்.

தட்டச்சு_அக்கா

அட்டவணைக்குப் பின்னால் ஒரு பந்தியாவது இருக்க வேண்டும் என்பது வேர்டின் விதி சேர், அதை அழிக்க விடாது. பக்கம் நிரம்பினால் அந்த வெற்றுப் பந்தி அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் எழுத்தளவை 1 ஆக்கி, வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 1 புள்ளி என்று கொடுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி பூச்சியம். பந்தி முன் பக்கத்துக்கு ஏறிவிடும். மேலே நான் திட்டிய 'எக்ஸாக்ட்லி' உதவுகிற இடம் இது ஒன்று.

வலிகாமம்_செயலாளர்

கோடு வந்தது, அகலம் சரி, கொழும்பில் திறந்தும் பார்த்தாயிற்று. கடைசியாக ஒன்று. கையேட்டின் பின் அட்டையில் சென்ற வருட வரவு செலவு. ரூபாவும் சதமும் ஒரே நேரில் வரவில்லை. ஐயா வெற்றிடம் தட்டித் தட்டி நேராக்கியிருந்தார், எழுத்துரு மாறியதும் எல்லாம் கலைந்துவிட்டது.

தட்டச்சு_அக்கா

வெற்றிடங்களை எல்லாம் முதலில் அழியுங்கள். தொகை நிரலைத் தெரிந்து இடப்பக்கம் சீராக்குங்கள், நடுவிலோ வலத்திலோ நிற்க வேண்டாம். அளவுகோலின் இட மூலையில் உள்ள சிறு பெட்டியைச் சொடுக்கிக்கொண்டே போனால் தசமப் புள்ளியுடன் ஒரு குறி வரும், அதுதான் 'டெசிமல் டேப்'. அதை அந்த நிரலுக்கு மேலே அளவுகோலில் வையுங்கள். கட்டத்துக்குள் டேப் விசையை அழுத்தத் தேவையில்லை, தொகைகள் தாமாகப் புள்ளியில் வந்து நேராக நிற்கும். சதம் இல்லாத தொகைக்கும் .00 போடுங்கள். கூட்டுத்தொகையைக் கையால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள், அதை வேர்ட் சரிபார்க்காது.

அச்சகத்துத்_தம்பி

அண்ணா, பிடிஎஃப் ஆக்கியதும் ரீடரில் 'புரொப்பட்டீஸ்', 'ஃபொன்ட்ஸ்' திறந்து பாருங்கள். லதாவுக்குப் பக்கத்தில் 'எம்பெடெட்' என்று இருக்க வேண்டும். பாமினி என்ற பெயர் இன்னும் அந்தப் பட்டியலில் இருந்தால் எங்கோ ஒரு கட்டத்தில் மிச்சம் கிடக்கிறது. வேர்டில் 'ரிப்ளேஸ்' பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் எழுத்தை எழுதாமல் 'ஃபோர்மட்' வழியாக எழுத்துரு பாமினி என்று மட்டும் கொடுத்துத் தேடினால் அகப்படும். அனேகமாக வெற்றுக் கட்டத்தில்தான் ஒளிந்திருக்கும்.

வலிகாமம்_செயலாளர்

அகப்பட்டது. திகதி நிரலில், பன்னிரண்டாம் திருவிழாவுக்குக் கீழே வெறும் கட்டம். கோப்பை இன்றிரவே அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

பருத்தித்துறையான்

அனுப்ப முன்னர் உபயகாரர் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் ஒருமுறை போட்டுவிடுங்கள். முதலெழுத்துப் பிழை கண்டுபிடிக்க அவர்களை விட்டால் ஆளில்லை.